கரிதோவா ஊராரின் ரத்தக் கணக்கு

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு மெஸ்ஃபினின் நெஞ்சைத் திறப்பதாக இருந்தது. அதற்கு முன்னால், புதன்கிழமை பகல் ஒரு மணிக்குள், அவன் பெயரில் நான்கு பாட்டில் ரத்தம் வந்து சேர வேண்டும். எந்த வகை ரத்தமானாலும் சரி. அவனுக்குப் பொருந்துவதை ஆஸ்பத்திரி தன் இருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்ததற்கு ஈடாக நான்கு பேர் வந்து கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். ஏதென்ஸில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் வீட்டு மனிதர்கள் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, இந்தக் கைகளைத்தான்.

அறுவை ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது. முதல் தடவை படுக்கை இல்லை. இரண்டாம் தடவை ரத்தம் இல்லை. மூன்றாவது தேதியைக் குறித்துக் கொடுத்தபோது டாக்டர், மெஸ்ஃபினின் மனைவி லெம்லெம்மின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இதுவும் தள்ளிப்போனா அடுத்த தேதிக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாதும்மா. வால்வு ரொம்ப நாள் தாங்காது."

ரத்த வங்கியின் ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஃபோதினி என்ற அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்குன்னு ஊர்ச் சங்கம் ஏதும் இல்லையா? சங்கத்துக் கணக்குல இருந்து எடுத்துக்கலாமே."

"சர்ச் இருக்கு."

"சர்ச்சுக்கு ரத்தக் கணக்கு இருக்கா?"

"எங்க சர்ச்சுக்கு நாற்காலியே வாடகைக்குத்தாங்க எடுக்கிறோம்."

அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. இந்த நகரத்தில் கிரேக்கர்களே ஏதோ ஒரு மலையிலிருந்தோ தீவிலிருந்தோ வந்தவர்கள்தான். தாத்தா காலத்தில் வந்திருந்தாலும் இன்னும் அந்த ஊர்ப் பெயரில் ஒரு சங்கம், ஒரு அறை, சுவரில் ஒரு மலைப்படம், வருஷத்துக்கு இரண்டு ரத்ததான நாள் என்று வைத்திருப்பார்கள். கொடுத்த ரத்தம் ஊர்க் கணக்கில் சேரும். ஊர்க்காரனுக்கு ஒன்று என்றால் தலைவர் கையெழுத்துப் போடுவார், கணக்கிலிருந்து கழியும். அடிஸ் அபாபாவிலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாக இங்கே மாடிப்படி கழுவுகிற லெம்லெம்முக்கு அப்படியொரு கணக்கு எங்கும் இல்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்களுடைய பாதிரியார் அபா தெக்லே பீடத்துப் படியில் நின்று அறிவித்தார். பதினோரு பேர் கை தூக்கினார்கள். லெம்லெம் ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் குடியிருப்பு அட்டையை மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள். எந்த பஸ், எந்த வாசல், எத்தனை மணி எல்லாம் சொன்னாள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கே அது தோன்றவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்குப் பதினோரு பேரும் தூய வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு, கோயிலுக்கு வருவது போல வரிசையாக வந்து நின்றார்கள். கூலி போனால் போகிறது என்று எல்லோரும் லீவு போட்டிருந்தார்கள். முதலில் யோஹன்னஸ் போய் உட்கார்ந்தான். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவன், நாற்காலி அவனுக்குப் போதவில்லை. அங்கிருந்த இளம் பெண் டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"காப்பி?"

"தண்ணி கூடப் படலை," என்றான் யோஹன்னஸ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவளும். ஐந்தாவது ஆளிடம் வரும்போது டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"இங்க நிக்கிறவங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரு பிஸ்கட்டாவது தின்னிருக்கீங்களா?"

வரிசை முழுவதும் இல்லை என்று தலையாட்டியது. பாராட்டுகிறாள் என்றே அவர்கள் நினைத்தார்கள். தவக்காலம், ஐம்பத்தைந்து நாள் நோன்பு. பிற்பகல் மூன்று மணி வரை அவர்கள் வாயில் எதுவும் போவதில்லை, அப்புறமும் பருப்பும் கீரையும்தான். அதிலும் இன்றைக்குக் கொடுக்கப் போவது ரத்தம்.

அபா தெக்லே முன்னால் வந்து விளக்கினார். "ரத்தம் குடுக்கிறதுங்கிறது பலி மாதிரிம்மா. வயித்துல சோத்தை வெச்சுக்கிட்டு பலிபீடத்துக்குப் போவாங்களா?"

"இது பலிபீடம் இல்லீங்க, சாமி. பிளாஸ்டிக் நாற்காலி. வெறும் வயித்துல ரத்தம் எடுத்தா நீங்க எல்லாரும் வரிசையா விழுவீங்க, தூக்க எங்கிட்ட ஆள் இல்லை. சாப்பிட்டுட்டு வாங்க."

"மூணு மணிக்கு மேலதான் சாப்பிடலாம்."

"ஒரு மணிக்கு நாங்க மூடிடுவோம்."

போன குளிர்காலத்தில் ஊருக்குப் போய் வந்தவர்கள் யார் என்றும் அவள் கேட்டாள். நான்கு கைகள் எழுந்தன. மலேரியா உள்ள நாடு, ஆகவே அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பயனில்லை. லெம்லெம் விஷயத்தில் அதுவும் வேண்டியிருக்கவில்லை. சிறு வயதில் எள்ளுக் காட்டு வேலைக்குப் போன இடத்தில் மலேரியா கண்டவள் என்று அவளுடைய பெயரை முந்தைய தடவையே அடித்துவிட்டார்கள்.

வெளி வராந்தாவில் அபா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில சாப்பிட நான் அனுமதி தர்றேன். பாவம் என் தலையில."

அனுமதி கிடைத்தது, லீவு கிடைக்கவில்லை. இன்னொரு நாள் வராவிட்டால் வேலையே போய்விடும் என்று ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். யோஹன்னஸ் மட்டும் வருகிறேன் என்றான். கெனெட் என்ற பெண், தன் எஜமானியிடம் கேட்டுப் பார்த்து புதன்கிழமை வருவதாகச் சொன்னாள். மற்றவர்கள் வெள்ளைப் போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். அவர்கள்மேல் கோபப்படக்கூட லெம்லெம்முக்கு வழியில்லை. அவளும் அன்று காலை எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

வார்டில் மெஸ்ஃபின் மூன்று தலையணையில் சாய்ந்து, பாதி உட்கார்ந்தபடி கிடந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது என்பான். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாகக் கேட்டான்.

"பதினோரு பேர்ல ஒருத்தன் கூடவா திருட்டுத்தனமா தின்னலை?"

அவள் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

லெம்லெம்முக்கு ஒன்பது கட்டடங்கள் இருந்தன. கிப்செலிப் பகுதியில் ஒன்பது மாடிப்படிகள், வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும். ஒன்பதிலும் லிஃப்ட் உண்டு. லிஃப்டில் கண்ணாடி உண்டு. செவ்வாய் காலை ஆறு மணிக்கே கிளம்பி, ஒன்பது கண்ணாடியிலும் ஒரு தாளை ஒட்டினாள். தாளில் இப்படி இருந்தது:

"இந்தப் படிகளைக் கழுவும் லெம்லெம் எழுதுவது. என் கணவருக்கு வியாழன் அன்று இதய ஆபரேஷன். புதன் பகல் ஒரு மணிக்குள் நான்கு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும். எந்த வகையானாலும் சரி. தயவு செய்து வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்."

கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அவள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள், எதிர்பார்க்காத காரணங்களுக்காகத் திரும்பிப் போனார்கள். முதல் கட்டடத்தின் பிலிப்பைன்ஸ்காரி ரோசலிண்டா ஜனவரியில் ஊருக்குப் போய் வந்தவள். மூன்றாம் கட்டடத்து மாணவன் போன மாதம்தான் தோளில் கழுகைப் பச்சை குத்தியிருந்தான். தரைத்தளத்தில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் நைஜீரியாக்காரர் ஒசாஸ் கடையையே பூட்டிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தவர் சாவியை மேசைமேல் எறிந்தார்.

"மலேரியாவாம். இருபத்தேழு வருஷமா இந்த ஊர்க் கொசுதான் என்னைக் கடிக்குது. அந்தக் கொசுவுக்கு என்ன வியாதின்னு அவங்க கேக்கலை."

"பரவாயில்ல அண்ணா. போனீங்களே, அது போதும்."

"போதும்னு நீ சொல்லாதே. அவன் சாகக் கிடக்கிறான், நீ எனக்கு ஆறுதல் சொல்றே."

யோஹன்னஸ் வந்தான். ரொட்டியும் பருப்பும் விழுங்கிய குற்ற உணர்ச்சியோடு வாயை மூடிக்கொண்டே வந்து, ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்று.

ஐந்தாம் கட்டடத்து இரண்டாம் மாடியில் படுத்த படுக்கையான கிழவி ஒருத்தியைப் பார்த்துக்கொள்கிறவள் ஜார்ஜியாக்காரி மாக்வாலா. கதவைப் பாதி திறந்து, கிசுகிசுவென்று சொன்னாள். "நான் வரத் தயார்தான். இவளை விட்டுட்டு ரெண்டு நிமிஷம் குப்பை போடக்கூடப் போக முடியாது."

"நான் உட்கார்ந்திருக்கேன். நீ போ."

"கத்துவா. கிள்ளுவா."

"கிள்ளட்டும்."

மாக்வாலா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். லெம்லெம் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கிழவி கண் விழித்து அவளையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னடி மாக்வாலா, இன்னைக்கு இவ்வளவு கறுத்துப் போயிட்டே? பால்கனியில போய்ப் படுக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"சரிம்மா. இனிமே படுக்கலை."

"பொய் சொல்றா," என்று கிழவி சுவரிடம் சொன்னாள். பிறகு லெம்லெம்மின் கையைக் கிள்ளாமல் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அந்தக் கையை எடுக்கவும் முடியாமல், வார்டிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்கவும் முடியாமல், லெம்லெம் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மாக்வாலா முழங்கையில் பஞ்சு ஒட்டியபடி திரும்பினாள். இரண்டு.

மாலையில் ஏழாம் கட்டடத்துக்குப் போனாள். அதன் பாதாள அறையில்தான் ஏதென்ஸ் வாழ் கரிதோவா ஊரார் சங்கம். தலைவர் ஸ்டெர்யோஸ் அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் குடியிருந்தார். கட்டட நிர்வாகமும் அவரே. மின்சார அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ரசீது எழுதி ஓய்வு பெற்ற எழுபத்தொரு வயதுக்காரர். சங்கத்தின் அறையையும் லெம்லெம்தான் துடைத்துவந்தாள்.

"ஐயா, உங்க கணக்குல எத்தனை பாட்டில் இருக்கு?"

"முப்பத்தொண்ணு." கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தார். "தாளைப் பார்த்தேன்மா. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இது என் வீட்டுச் சொத்து இல்லை. நாப்பது கிழடுங்க இந்தக் கணக்கை நம்பிக் கிடக்குதுங்க. நீ எங்க ஊரா இருந்தா இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுவேன்."

"நீங்க கடைசியா ஊருக்கு எப்போ போனீங்க?"

"எண்பத்தொன்பதுல. எங்க அம்மா அடக்கத்துக்கு."

"இப்போ அங்க யாரு இருக்காங்க?"

ஸ்டெர்யோஸ் சுவரிலிருந்த மலைப்படத்தைப் பார்த்தார். "யாரும் இல்லை. ஆடு மேய்க்கிற ரெண்டு அல்பேனியாக்காரங்க இருக்கிறதா சொல்றாங்க."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவோரம் கடைசி ஒரு வருஷத்து ரத்ததானப் பட்டியல் தொங்கியது. தூசி தட்டித் தட்டி அவளுக்கு அது மனப்பாடம்.

புதன் காலை எட்டரைக்கு, இரண்டாம் கட்டடத்து நான்காம் மாடியைச் சேர்ந்த கலியோப்பி அம்மாளிடமிருந்து ஃபோன் வந்தது. படியின் மூலையில் அழுக்கு என்று பதினொரு வருஷமாக லெம்லெம்மின்மேல் புகார் எழுதுகிறவள்.

"ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். குடுத்தாச்சு. பேரை உன் புருஷன் பேர்லதான் எழுதினாங்களான்னு நின்னு பார்த்துட்டேன்."

"அம்மா, எப்படிச் சொல்றதுன்னு..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். மூணாவது மாடி மூலையைப் பாரு, அது போதும்."

மூன்று.

இனி ஒன்றே ஒன்று. கெனெட் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். லெம்லெம் ஏழாம் கட்டடத்துப் படியைக் கழுவிக்கொண்டே ஃபோனைப் பார்த்தாள். அன்று அங்கே முறை. ஆஸ்பத்திரியில் போய் நின்றால் ஃபோதினியின் ஜன்னலைப் பார்த்தே செத்துவிடுவோம் என்று இங்கே வந்திருந்தாள். பத்தரைக்குக் கெனெட்டின் குரல் அழுதுகொண்டு வந்தது.

"அக்கா, வீட்டுக்கார அம்மா விடலை. இன்னைக்கு விருந்தாளி வர்றாங்களாம். போனா அப்படியே போயிடுன்னு சொல்லிட்டாங்க."

"சரி கெனெட். அழாதே. வேலையைப் பாரு."

அதன் பிறகு அவள் பதினாறு பேருக்கு ஃபோன் செய்தாள். சிலர் எடுக்கவில்லை, சிலர் எடுத்துவிட்டு வேலை இருக்கிறது என்றார்கள். பதினொன்றரை மணி ஆயிற்று. மூன்றாம் மாடித் திருப்பத்தில் துடைப்பக் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஈரப்படியிலேயே உட்கார்ந்தாள். பாவாடை நனைவது தெரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. மெஸ்ஃபினிடம் போய் என்ன வார்த்தையில் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். தள்ளிப்போய்விட்டது என்றா, இல்லை, இனி தேதி இல்லை என்றா?

கீழேயிருந்து யாரோ பெயின்ட் டப்பாவோடு ஏறி வந்தார்கள். இலிர். ஸ்டெர்யோஸின் மகள் வாசோவைக் கட்டிக்கொண்ட அல்பேனியாக்காரன், மூன்றாம் மாடியில் குடியிருப்பவன், சுவருக்கு வெள்ளையடிப்பவன். ஒன்பது வருஷமாக மாமனார் அவனை மாப்பிள்ளை என்று யார் முன்னாலும் சொன்னதில்லை. "வாசோவோட ஆளு" என்பார்.

"அக்கா, ஈரத்துல உட்கார்ந்திருக்கீங்க."

"ஒண்ணு குறையுது இலிர். உன்னால முடியுமா?"

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். "மூணு வாரம் முன்னாலதான் குடுத்தேன். மூணு மாசம் ஆகாம எடுக்க மாட்டாங்க."

"எங்க குடுத்தே?"

"இங்கதான். கீழ, சங்கத்துல."

லெம்லெம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ரத்ததான நாளன்று நாற்காலி இழுத்துப் போட்டவள் அவளே. மடக்குக் கட்டிலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவன் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் பட்டியலில் அவன் பெயர் இல்லை. 'வாசோ வீடு - 2' என்றுதான் இருந்தது.

"அந்த ரெண்டும் உன்னோடதா?"

"வாசோ ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவா. கடைசி ஒரு வருஷத்துல ரெண்டு. மொத்தமா ஆறு, ஏழு இருக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவன் முகம் மாறியது. "அக்கா, எந்திரிங்க. மணி என்ன?"

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

ஐந்தாம் மாடியில் ஸ்டெர்யோஸ் கழுத்தில் துவாலையோடு கதவைத் திறந்தார். பேச்சுச் சத்தம் கேட்டு வாசோவும் மேலே ஏறி வந்துவிட்டாள்.

"மாமா, சங்கத்து விதியில ஒண்ணு இருக்கு. குடுத்தவங்க தன்னோடதுல வருஷத்துக்கு ஒரு பாட்டிலை வெளியாளுக்கு எழுதிக் குடுக்கலாம்னு. நான் மெஸ்ஃபின் அண்ணனுக்குக் குடுக்கிறேன்."

"விதி பதினாலு. எனக்குப் பாடம் சொல்றியா? குடுத்த உறுப்பினர்னு போட்டிருக்கு. நீ உறுப்பினரா?"

"நான் உறுப்பினர்பா," என்றாள் வாசோ. "என் பேர்லதானே எழுதியிருக்கீங்க. நான் தர்றேன்."

"நீ குடுக்கலையே. ஆஸ்பத்திரித் தாள்ல இவன் பேருதான் இருக்கும். பொய்க் கையெழுத்து நான் போட மாட்டேன். ஆயுசுல போட்டதில்லை."

"அப்போ பட்டியல்ல வாசோ வீடுன்னு எழுதினது என்னவாம்?"

"அது வேற."

"எப்படி வேற?"

அப்பனும் மகளும் தொடங்கிவிட்டார்கள். ஒன்பது வருஷச் சண்டை, லெம்லெம் படியில் நின்று பல தடவை கேட்ட சண்டை. கல்யாணத்துக்கு வராதது, பேரனுக்கு வைத்த பெயர், எல்லாம் வந்தன. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து. தன் குரல் எங்கிருந்தோ வருவது போல அவளுக்கே கேட்டது.

"ஐயா. உங்க அக்காவுக்கு நவம்பர்ல இடுப்பு ஆபரேஷன் நடந்தது. மூணு பாட்டில் எடுத்தீங்க. படியில என்னைப் பார்த்து, ஊர்ரத்தம் அக்காவைக் காப்பாத்திடுச்சுன்னு சொன்னீங்க. நான் கூடச் சந்தோஷப்பட்டேன்."

அவள் இலிரின் பக்கம் கை காட்டினாள்.

"அதுல ஒரு பாட்டிலாவது இவன் குடுத்ததுல இருந்து போயிருக்கும். ரத்தம் உங்க ஊர்க் கணக்குல இருக்கு, குடுத்தவன் மட்டும் வெளியாளு. நான் உங்ககிட்ட உங்க ஊரைக் கேக்கலை ஐயா. இவன் வெச்சிருக்கிறதைத்தான் கேக்கிறேன். ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திடுவாங்க. அப்புறம் நீங்க தந்தாலும் எனக்கு எதுக்கு?"

கிழவர் துவாலையைக் கழுத்திலிருந்து எடுத்தார். உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மூவரும் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசோ கையை ஓங்கித் தட்டப் போனபோது கதவு திறந்தது. அவர் சட்டை மாட்டியிருந்தார், கையில் சாவிக்கொத்து.

"லிஃப்டுக்குக் காத்திருக்காதீங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினார். படி இன்னும் காயவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் லெம்லெம் பின்னாலிருந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் படியில் யாரும் வழுக்கி விழக்கூடாது.

பாதாள அறையில் அவர் பெரிய பதிவேட்டைத் திறந்தார். அவசரப்படத் தெரியாத கை. தேதி எழுதினார். புது உறுப்பினர் பெயர்: இலிர் லேஷி.

"அப்பா பேரு?"

"அகிம்."

எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. கரிதோவாவில் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்ற கட்டம். நூற்றுச் சொச்சம் பெயருக்கு எதிரே நூற்றுச் சொச்சம் வீட்டுப் பெயர், எல்லாம் இப்போது கூரை இடிந்த வீடுகள். பன்னிரண்டு இருபத்தைந்து.

ஸ்டெர்யோஸ் தன் தகப்பனார் பெயரில் இருந்த வீட்டை எழுதினார். மை காய ஊதினார். பிறகு ரத்தத்தை வெளியாளுக்கு எழுதிக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, முத்திரையை இரண்டு தடவை அழுத்தி, இலிரிடம் நீட்டாமல் லெம்லெம்மிடம் நீட்டினார்.

"இதை வெச்சுக்கிட்டுத் தலைவர் தேர்தல்ல நின்னுடப் போறான். சொல்லி வை."

"உங்க பக்கத்துல நிக்கிறேன், என்கிட்டயே சொல்லலாம் மாமா."

"போடா. மணியைப் பாரு."

இலிரின் ஸ்கூட்டரில் பெயின்ட் வாடை. லெம்லெம் தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அலெக்சாந்திராஸ் சாலையில் ஏதோ ஊர்வலம், போலீஸ் மறித்திருந்தது. இலிர் நடைபாதைமேல் ஏற்றினான். யார் யாரோ திட்டினார்கள், எந்தெந்த மொழியிலோ. அவள் கண்ணை மூடிக்கொண்டு, கன்னி மரியாளை அம்மா அம்மா என்று மட்டும் கூப்பிட்டாள். வேறு வார்த்தை வரவில்லை.

ஜன்னலின் இரும்புத் தட்டி பாதிக்குமேல் இறங்கியிருந்தது. லெம்லெம் குனிந்து தாளை அடியில் நீட்டினாள். உள்ளே ஃபோதினியின் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை தாளை வாங்கியது. தட்டி கொஞ்சம் மேலே போனது, மூக்குக் கண்ணாடி தெரிந்தது.

"இலிர் லேஷி. கரிதோவா." அவள் வெளியே நின்ற இருவரையும் பார்த்தாள். "எங்க அம்மாவுக்கு அதுக்குப் பக்கத்து ஊரு. கரிதோவாவுல இப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லையே."

"அரை மணி நேரமாத்தான் இருக்குங்க," என்றான் இலிர்.

ஃபோதினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முத்திரையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்று அடிக்க மூன்று நிமிடம். கணினியில் என்னவோ தட்டினாள், மறுபடி தட்டினாள்.

"நாலு," என்றாள் ஃபோதினி. தட்டி முழுதாக இறங்கியது.

வியாழக்கிழமை ஏழரைக்கு மெஸ்ஃபினைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு மணிக்கு முடியும் என்றார்கள். பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று. லெம்லெம் வராந்தாவில் நின்றாள், உட்கார்ந்தாள், சுவரின் மூலையில் சேர்ந்திருந்த அழுக்கைக் கைக்குட்டையால் துடைத்தாள். மூன்று மணி அடித்தது. பையில் ரொட்டி இருந்தது, தொடவில்லை. மூன்றே முக்காலுக்கு டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை, களைப்பைத் தவிர.

"ரொம்ப ரத்தம் போச்சு. ஒரு கட்டத்துல நாங்களே பயந்துட்டோம். இப்போ பரவாயில்லை. ராத்திரி தாண்டட்டும்."

ராத்திரி தாண்டியது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவன் கண்ணைத் திறந்து, குழாய் செருகிய வாயால் பேச முடியாமல், அவள் விரலை ஒருமுறை அழுத்தினான். அன்றே பதினொன்றுக்கு ரத்த வங்கி ஜன்னலிலிருந்து அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

ஃபோதினி தாளைத் திருப்பிக் காட்டினாள். "நாலு எழுதியிருந்தோம். ஆறு செலவாயிருக்கு. இன்னும் ரெண்டு பாட்டில் நீங்க ஈடு கட்டணும். இன்னைக்கே இல்லைம்மா, பயப்படாதீங்க. மாசக் கடைசிக்குள்ள."

லெம்லெம் தாளைப் பார்த்தாள். ஆறு. இரண்டு இரவு தூங்காத தலைக்குள் அந்த எண் மெதுவாக இறங்கியது. மறுபடி ஒன்பது லிஃப்ட், ஒன்பது கண்ணாடி. ஒசாஸின் சாவி, கிழவியின் கை, கெனெட்டின் அழுகை. ஜன்னலுக்குள்ளே சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஈஸ்டர் ஞாயிறு சிவப்பில் அச்சாகியிருந்தது. அவள் விரலை நீட்டி எண்ணினாள். பதினாறு நாள்.

"ஈஸ்டர் முடியட்டும்மா," என்றாள். "ஏற்கெனவே குடுத்தவன் போக பத்துப் பேர் வருவாங்க. நாலு பேரை நீங்க தள்ளிடுவீங்க. பாக்கி இருக்கிறவங்க வயிறு முட்டக் கோழிக்கறி தின்னுட்டு வருவாங்க."

"தின்னுட்டு வரணும்," என்று ஃபோதினி அழுத்திச் சொன்னாள்.

"தின்னுட்டுத்தான்," என்றாள் லெம்லெம். தாளை மடித்துப் பையில் வைத்தாள். உள்ளே ரொட்டி கையில் பட்டது. மணி பதினொன்றேகால்தான். அவள் வார்டு வாசலில் நின்று, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.